காத்தோட மூணு, காத்தில்லாம ரெண்டு

அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற சாலையில் இருக்கும் ராஷித்தின் ஷெட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் ஹெலினாவிடம்தான் வந்து நிற்பார்கள், பில் போடுகிற அம்மா என்று நினைத்து. "பில்லு அங்க" என்று அவள் கண்ணாடி அறையைக் கைகாட்டுவாள். அப்படியானால் இந்த அம்மா இங்கே என்னதான் செய்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாற்பத்து மூன்று வயதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

காரில் டர்போ வைக்கவும், ஏற்கெனவே இருக்கிற டர்போவை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடவும் ஆசைப்படுகிறவர்கள் அங்கே வருவார்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. திணித்தால் மட்டும் போதாது, காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் உள்ளே போக வேண்டும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிவிடும். ஆகையால் எந்த வண்டிக்கு பெட்ரோலை உள்ளே தெளிக்க எவ்வளவு பெரிய இன்ஜெக்டர், எந்தப் பம்பு, எந்த ஹோஸ், 'பார்' என்கிற அளவில் எத்தனை வரைக்கும் அழுத்தம் படிக்கிற சென்சார் என்று ஒரு ஆள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுத வேண்டும். அதற்கு ஷெட்டில் 'லிஸ்ட்' என்று பெயர். லிஸ்ட் போடுகிறவள் ஹெலினா. போட்டதாகப் பெயர் வாங்குகிறவன் வினோத்.

வினோத் ஆவடிக்காரன், பி.இ. படித்தவன். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, எங்கிருந்தோ வாங்கிய ஃபைல்களை ஏற்றி, திரையில் கலர் கலராகக் கோடு ஓட்டிக் காட்டுவான். வருகிறவர்களுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே பாதி திருப்தி வந்துவிடும். ஹெலினா பென்சிலால் நீள நோட்டில் எழுதியதை வினோத் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போவான். கால் மணி நேரத்தில் அது இங்கிலீஷில் டைப் ஆகி, அடியில் 'தயாரித்தவர்: வினோத், பி.இ.' என்று அச்சாகி வெளியே வரும். நோகாமல் நுங்கு தின்னக் கிடைத்தால் யார்தான் மரம் ஏறுவார்கள்?

ஹெலினா படித்தது ஐ.டி.ஐ. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஷர் மீட்டர் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷம் சோதனை பெஞ்சில் உட்கார்ந்தவள். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் கொடுத்து, முள் சரியான எண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். திறந்த வெளியில் வைத்த மீட்டர் சைபர் காட்டும். ஆனால் அது உண்மையான சைபர் இல்லை. நம் எல்லார் தலைமேலும் ஏறக்குறைய ஒரு பார் காற்று எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேர்த்துச் சொல்வது ஒரு கணக்கு, சேர்க்காமல் சொல்வது இன்னொரு கணக்கு. இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெஞ்சுப் பெண்கள் அதைக் 'காத்தோட', 'காத்தில்லாம' என்று முடித்துவிட்டார்கள். காத்தோட மூணு என்றாலும் காத்தில்லாம ரெண்டு என்றாலும் பொருள் ஒன்றுதான். பதினேழு வருஷத்தில் அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு மீட்டர் டப்பாகூட மாறிப் போனதில்லை.

இன்னொரு சொல்லும் அவர்களிடம் இருந்தது. மீட்டர் தாங்குகிற அளவுக்கு மேல் அழுத்தம் போனால், முள் கடைசியில் இருக்கும் ஆணியில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு ஏறினாலும் முள் அசையாது. "முட்டிக்கிச்சுடீ" என்று ஒருத்தி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவள் கேள்வி கேட்காமல் வால்வைத் திறந்துவிடுவாள். முள் முட்டிய மீட்டர் சொல்கிற பொய் மாதிரி ஒரு பொய் கிடையாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவன் மாதிரி ஆடாமல் அசையாமல் சொல்லும்.

கம்பெனியை மூடியபோது, மிச்சமிருந்த மீட்டர்களை மலிவாக வாங்க வந்தவன் ராஷித். பூந்தமல்லிக்காரன், அப்போதுதான் ஷெட் ஆரம்பித்திருந்தான். அவன் பொறுக்கி வைத்த நான்கு மீட்டரில் மூன்றை ஹெலினா எடுத்து ஓரமாக வைத்தாள். "மூணு பார்ல வேல செய்ற எடத்துக்கு பத்து பார் மீட்டர் வாங்குறியே பாய். முள்ளு ஓரத்துலயே கெடக்கும், ஒண்ணும் தெரியாது. நடுவுல நிக்கிற மாதிரி எடு" என்றாள். ராஷித் மீட்டர்களோடு அவளையும் சேர்த்துக்கொண்டு போனான். அந்த மட்டும் அவன் ஆள் பார்க்கத் தெரிந்தவன்தான்.

இரண்டு வருஷத்தில் அறுபதுக்கு மேல் லிஸ்ட் போட்டிருப்பாள். ஒரு வண்டியும் பழுதென்று திரும்பி வந்ததில்லை. வருஷம் ஒன்று முடிந்ததும் ஒரு நாள் ராஷித்திடம் போய் நின்றாள்.

"பாய், லிஸ்ட்டுக்கு அடில என் பேரும் போடலாமா? வினோத் பேர எடுக்க வாணாம். ரெண்டு பேரும் இருக்கட்டுமே."

ராஷித் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

"இன்னாக்கா நீ. கஸ்டமரு எஞ்சினியர் பேரத்தான் தேடுவான். உன் பேரப் பாத்தா, இது யாரு, பில்லு போடுற அம்மாவானு கேப்பான். நமக்குள்ள தெரியாதா யாரு போடுறானு?"

நமக்குள் தெரியும். நமக்குள் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். பிரகாசம் செம்பரம்பாக்கத்தில் ஒரு கோடவுனில் லோடு இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறவன். "உம் பேரு போட்டா இன்னா பிரியாணியா போடுவான்? வேல கீதா, மூட்னு செய்" என்றான். அவன் அப்படித்தான். ஹெலினாவும் வாயை மூடிக்கொண்டு செய்தாள். ஆனால் ஒவ்வொரு தடவை அச்சான தாள் வெளியே வரும்போதும் அடிவரியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. இதைப் பொறாமை என்று சொல்கிறவர்கள் தங்கள் வேலையில் அடுத்தவன் பெயரைப் போட்டுப் பார்க்கட்டும்.

போன மார்கழியில் ஜம்புலிங்கம் வந்தார். எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பரமாகப் பழைய டர்போ கார் ஒன்று வாங்கியிருந்தார். அதைச் சரியாகச் செய்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. அவர் மற்றவர்களைப் போல லேப்டாப் முன்னால் உட்காரவில்லை. ஹெலினா கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவு பெட்ரோல் ஊற்றுகிறதா என்று அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூணாவது கொஞ்சம் கம்மியா ஊத்துதுல்ல?" என்றார்.

"ஆமாண்ணே. அதான் இத்த வாணாம்னு வெச்சிட்டேன்."

"டர்போ காத்து ஒண்ணு புள்ளி மூணு பார் பூஸ்ட் வெக்கலாம்னு கீறேன். கேஜ் ரெண்டு வரைக்கும் காட்டுனா போதும். பட்டறைல கம்ப்ரஸர் வெச்சிகினு கீறவன்மா நானு, முள்ளு ஓரத்துக்குப் போனா எனுக்குத் தூக்கம் வராது."

அவர் பேச்சு ஹெலினாவுக்குப் பிடித்தது. அன்றைக்கு மனசு வைத்து லிஸ்ட் போட்டாள். நிமிஷத்துக்கு நானூற்றைம்பது மில்லி ஊற்றுகிற இன்ஜெக்டர். இப்போது விற்கிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்; அது பழைய ரப்பரை அரித்துவிடும் என்பதால் ஹோஸ் முழுக்க மாற்ற வேண்டும். பம்பு மணிக்கு இருநூற்றைம்பது லிட்டர். பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் ஏழு பார். கடைசி வரி, டர்போ திணிக்கிற காற்றைப் பார்த்து எஞ்சினுக்குச் சொல்கிற சென்சார். வழக்கமாக '3 பார், காத்தோட' என்று எழுதுவாள். அன்றைக்கு ஜம்புலிங்கம் பேசிய கணக்கே காதில் இருந்தது. '2 பார், காத்தில்லாம' என்று எழுதினாள். அவள் பெஞ்சில் இருந்த ஆறு பெண்களில் யாரிடம் கொடுத்திருந்தாலும் சரியான டப்பாவை எடுத்திருப்பார்கள்.

வினோத் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை. இந்தச் சென்சார்களில் காற்றின் சூட்டையும் சேர்த்துப் பார்க்கிற ரகம் ஒன்று உண்டு. 'காத்தோட' என்றால் அந்த ரகம் என்று முதல் லிஸ்ட்டிலேயே அவனாக முடிவு செய்திருந்தான். அறுபது தடவையும் 'மூன்று பார், காற்றுச் சூட்டோடு' என்று டைப் செய்தான். அறுபது தடவையும் அதிர்ஷ்டத்தில் சரியான சாமான்தான் வந்தது. இந்த முறை, 'இரண்டு பார், காற்றுச் சூடு வேண்டாம்' என்று டைப் செய்தான். கடையில் சென்சார்களை விற்பது எப்போதும் காற்றைச் சேர்த்த கணக்கில்தான். ஆகவே வந்தது காத்தோட இரண்டு, அதாவது காத்தில்லாமல் வெறும் ஒன்று. அதை வைத்து ஒன்று புள்ளி மூன்றைப் படிக்க முடியாது.

இது என்னக்கா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவனால் கேட்க முடியாது. கேட்டால் லிஸ்ட் தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வந்த டப்பாக்களைப் பிரித்துப் பார்த்து வண்டியில் மாட்டக் கொடுப்பதும் அவன் பொறுப்பு. அது ஹெலினா கைக்கே வரவில்லை.

தை பிறந்து ஒரு வியாழக்கிழமை சாயந்தரம், வண்டியை, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிற உருளை மேல் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். ராஷித், ஜம்புலிங்கம் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஹெலினா டிபன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவள், போகிற போக்கில் திரையைப் பார்த்தாள். காற்றழுத்தக் கோடு மளமளவென்று ஏறியது. உச்சியில் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக நின்றது. நிஜமான அழுத்தம் கொஞ்சமாவது நடுங்கும். இது நடுங்கவில்லை.

முட்டிக்கிச்சு என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கோடு அங்கே நிற்கிறது, காற்று உள்ளே ஏறிக்கொண்டே போகிறது. எஞ்சின் அந்தக் கோட்டை நம்பிப் பெட்ரோலைக் குறைவாக ஊற்றிக்கொண்டிருக்கிறது.

"வினோத், இது இன்னா மேல போயி தட்டையா நிக்கிது?" என்றாள்.

"அதாங்க்கா கன்ட்ரோல். ஆடாம அசையாம நிக்குது பாருங்க" என்றான் அவன் பெருமையாக.

"இன்னா சென்சார் மாட்டுன?"

"லிஸ்ட்ல இருக்கிறதுதான்." ஜம்புலிங்கம் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டான். "நான் போட்ட லிஸ்ட்டுக்கா அது. தப்பா இருக்காது. நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்."

ராஷித் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்டது, ஹெலினாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். முட்டிக்கிச்சு, வண்டியை நிறுத்து என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்த 'நான்' அவள் காதிலேயே நின்றது. உன் லிஸ்ட்டா, சரி, உன் லிஸ்ட்டாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். வண்டி சனிக்கிழமைதான் போகிறது என்று ராஷித் காலையில் சொல்லியிருந்தான். நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது. நாளைக் காலையில் வந்து, எல்லாரையும் வைத்துக்கொண்டு, இது என்னடா சென்சார் என்று கேட்கலாம். நோட்டை விரித்துக் காட்டலாம். அப்போது தெரியும் லிஸ்ட் யார் போட்டது என்று.

அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். கால் வலிக்கவில்லை. நாளைக்கு என்னென்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். சொல்லவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்: ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

"அவுரு காலைலயே வந்து எடுத்துகினு பூட்டாருக்கா" என்றான் ராஷித். "பொண்ணுக்குக் காலேஜ்ல பரிட்சையாம், வண்டி ரெடியாதான கீதுன்னாரு. அப்பால இன்னா."

ஹெலினா டிபன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போன் பண்ணு பாய். அழுத்தி ஓட்ட வாணாம்னு சொல்லு. சென்சார் தப்பு. முட்டிக்கினு நிக்கிது, நேத்தே பாத்தேன்."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ராஷித் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. பூந்தமல்லி தாண்டி பைபாஸில், காலியாக இருந்த ஓரிடத்தில், ஜம்புலிங்கம் ஒரே ஒரு தடவை ஆசைக்கு அழுத்தியிருக்கிறார். எஞ்சின் நடுச்சாலையில் செத்தது. பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்தும் இடது பக்கமாக மோதியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருந்த மகள் வித்யாவுக்குத் தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

பத்து நாள் கழித்து எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான்கு பிஸ்டனில் இரண்டு, ஓரம் உருகி வழிந்திருந்தன. ஜம்புலிங்கம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் மகளின் கட்டைக் காட்டிவிட்டு நேராக வந்ததால் வித்யாவும் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள், தோளைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டு.

அவர் சத்தம் போடவில்லை. உருகிய பிஸ்டனைக் கையில் எடுத்து, லேத்காரர் பார்க்கிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "லிஸ்ட்டு போட்டது யாரு?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. வினோத் முந்திக்கொண்டான். "லிஸ்ட்டெல்லாம் அக்காதான் சார் போடுவாங்க. அவங்க எழுதுனதை நான் டைப் பண்றேன், அவ்ளோதான்" என்று ஹெலினாவின் நோட்டை விரித்து நீட்டினான். பக்கத்தைத் தேடக்கூட இல்லை, தயாராக விரல் வைத்திருந்தான். "பாருங்க, ரெண்டு பார்னு அவங்க கையெழுத்துலயே இருக்கு."

"ஆமாண்ணே" என்றான் ராஷித். "அக்காதான் போடும். ஆரம்பத்துலேர்ந்தே அக்காதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. ஹெலினா நோட்டை வாங்கி அந்த வரியில் விரல் வைத்தாள். "நாந்தாண்ணே போட்டேன். ஆனா முழுசா படிங்க. காத்தில்லாம ரெண்டுனு எழுதிக்கீறேன். காத்தில்லாம ரெண்டுனா, காத்தோட மூணு. வாங்கி மாட்டுனது காத்தோட ரெண்டு."

"இதெல்லாம் யாருக்குக்கா புரியும்" என்று வினோத் ராஷித்தைப் பார்த்துச் சிரித்தான்.

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. நோட்டைக் கையில் வாங்கி, அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "எனுக்குப் புரியுது" என்றார். "நீ எழுதுனது கரெக்ட்டுதாம்மா. அவன் வாங்குனதுதான் தப்பு."

ஹெலினாவுக்குக் கண் நிறைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கணக்கை முழுசாகப் படித்து, சரி என்று ஒரு ஆள் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அன்னிக்கு சாய்ந்தரம் நீ வந்து பாத்த. கோடு ஏன் தட்டையா நிக்கிதுனு கேட்ட. இந்தம்மாவுக்கு இன்னாவோ தெரியுதுனு நான் அப்பவே நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லாம போனியா, சரி, நல்லாத்தான் கீது போலனு வுட்டுட்டேன். நான் அந்தப் பையன நம்பி வண்டிய எடுக்கலம்மா. நீ பேசாம போனத நம்பித்தான் எடுத்தேன்." அந்த வரியில் விரல் வைத்தார். "உனுக்கு அன்னிக்கே தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அப்பால ஏன் சொல்லல?"

சனிக்கிழமைதான் வண்டி போகும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் அவர் பார்த்த பார்வைக்கு முன்னால் அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

"லிஸ்ட்டுல என் பேரு இல்லண்ணே" என்றாள்.

ஜம்புலிங்கம் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"எம் பொண்ணு பேருகூடத்தாம்மா அதுல இல்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தார்.

ஹெலினா இன்னும் அந்த ஷெட்டில்தான் வேலை செய்கிறாள். அந்த வாரமே ராஷித் புதுசாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டான். நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் இல்லையா. இப்போதெல்லாம் லிஸ்ட்டின் அடியில் 'தயாரித்தவர்: ஹெலினா பிரகாசம்' என்று தெளிவாக அச்சாகி வருகிறது. வினோத் தாளைக் கொண்டுவந்து வைப்பான், அவள் பேனாவை வாங்கி, பெயரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.